ஃபைல் ஹேண்டில் என்பது ஃபைல் அல்ல: பைத்தானில் ஸ்ட்ரிங்கையும் ஃபைல் மாதிரி படிப்பது எப்படி?

பைத்தான் நிரல்மொழியைக் கற்க ஆரம்பித்தவர்களிடம் "ஓப்பன் என்று எழுதினால் கையில் என்ன கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "ஃபைல்" என்பார்கள், மீதிப் பேர் "ஃபைலில் உள்ள டெக்ஸ்ட்" என்பார்கள். இரண்டும் இல்லை. ஆனால் இந்தக் குழப்பம் முதலில் உறுத்தவே உறுத்தாது, ஏனென்றால் ஓப்பன், ரீட், பிரிண்ட், குளோஸ் என்று நாலு வரி அடித்தால் வேலை நடந்துவிடும். அப்புறம்தான் விவகாரம் ஆரம்பிக்கும். அதே ஃபைலை இரண்டாவது தடவை படித்தால் ஒன்றுமே வராது. இணையத்திலிருந்து எடுத்த சிஎஸ்வி டெக்ஸ்டை (கமாவால் பிரித்த அட்டவணையை) சிஎஸ்வி ரீடரிடம் கொடுத்தால் ஒவ்வோர் எழுத்தும் ஒரு வரிசையாக உதிர்ந்து விழும். "ஸ்ட்ரிங்குக்கு ரீட் என்று ஒன்று கிடையாது" என்று பிழைச்செய்தி வரும் (ஸ்ட்ரிங் என்பது மெமரியில் இருக்கும் எழுத்துக்களின் சரம்). உடனே எங்கோ பார்த்த தீர்வை ஒட்டி, அது ஏன் வேலை செய்கிறது என்றே தெரியாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். ஹேண்டில் என்றால் என்ன என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால், ஸ்ட்ரிங்கை ஃபைல் போலப் படிக்கும் வித்தையும் கூடவே பிடிபடும். இங்கே சொல்வதெல்லாம் பைத்தான் 3-க்கு. கட்டளைப் பெயர்களைத் தமிழில் ஒலிக்கும்படி எழுதுகிறேன், நிரலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துக்களில் தட்டுங்கள்.

## பெயர், ஹேண்டில், உள்ளடக்கம்: மூன்றும் வேறு

முதலில் மூன்று பொருள்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

ஒன்று, ஃபைலின் பெயர். "ஊர்கள்.சிஎஸ்வி" என்பது வெறும் ஸ்ட்ரிங். அந்தப் பெயரில் ஃபைல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஸ்ட்ரிங்குக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டு, ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துக்கள். அவற்றையும் மெமரிக்குக் கொண்டுவந்தால் அதுவும் ஸ்ட்ரிங்தான். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது: ஃபைல் ஹேண்டில். ஓப்பன் திருப்பித் தருவது இதைத்தான்.

முதலாவதும் இரண்டாவதும் ஒரே வகைப் பொருளாக, அதாவது ஸ்ட்ரிங்காக இருப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கட்சி. ஒரு ஃபங்ஷன் "ஸ்ட்ரிங் கொடு" என்று கேட்டால் அது பெயரைக் கேட்கிறதா, உள்ளடக்கத்தைக் கேட்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியாது. உள்ளடக்கத்தைக் கொண்டுபோய் ஓப்பனிடம் கொடுத்தால், அது அந்த முழு டெக்ஸ்டையும் ஒரு ஃபைல் பெயராக நினைத்துக்கொண்டு "அப்படி ஒரு ஃபைல் இல்லையே" என்று சொல்லும். பெயரை, ஜேசன் என்ற தரவு வடிவத்தில் உள்ள டெக்ஸ்டைப் படிக்கும் ஜேசன் லோட்ஸிடம் கொடுத்தால் அது பெயரையே ஜேசனாகப் படிக்கப் பார்த்து முதல் எழுத்திலேயே தடுக்கி விழும். இப்படிப்பட்ட பிழைச்செய்தியைப் பார்த்தால் "நான் பெயரைக் கொடுத்தேனா, உள்ளடக்கத்தைக் கொடுத்தேனா?" என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

## ரெக்கார்டு ரூம் ஜன்னல்

அரசு அலுவலக ரெக்கார்டு ரூம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவேடுகள் எல்லாம் உள்ளே, நீங்கள் உள்ளே போகக் கூடாது. ஜன்னலில் போய் "இன்ன பதிவேடு வேண்டும்" என்று சொன்னால், அப்படி ஒன்று இருக்கிறதா, அதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டா என்று சரிபார்த்துவிட்டு ஒரு டோக்கன் தருவார்கள். அதற்கப்புறம் நீங்கள் பதிவேட்டின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. டோக்கனைக் காட்டி "அடுத்த வரி" என்றால் எழுத்தர் அடுத்த வரியை வாசிப்பார். எதுவரை வாசித்தோம் என்பதற்கு அவர் விரலைப் பதிவேட்டின் மேல் வைத்திருப்பார். நீங்கள் மறுபடி "அடுத்த வரி" என்றால் விரல் இருக்கும் இடத்திலிருந்து வாசிப்பார், ஆரம்பத்திலிருந்து அல்ல. வேலை முடிந்ததும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவர்களிடம் டோக்கன்கள் அளவாகத்தான் இருக்கின்றன.

ஓப்பன் என்பது ஜன்னலில் கேட்பது. டோக்கனும் விரலும் சேர்ந்ததுதான் ஹேண்டில். பதிவேடு உள்ளேயே இருக்கிறது.

இந்த ஜன்னலில் இன்னொரு விஷயமும் உண்டு. எழுத்தர் உள்ளே தடித்த பதிவேட்டைப் பார்த்து வாசிக்கிறாரா, யாரோ கொடுத்த ஒற்றைத் தாளைப் பார்த்து வாசிக்கிறாரா என்பது வெளியே நிற்கும் உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். "அடுத்த வரி" என்றால் அடுத்த வரி வருகிறது, அவ்வளவுதான். ஸ்ட்ரிங்கை ஃபைல் போலப் படிப்பது இந்த ஒற்றைத் தாள் சமாச்சாரம். அதற்குக் கொஞ்சம் பிறகு வருவோம்.

## உள்ளே உண்மையில் நடப்பது

ஒப்புமையை ஓரமாக வைத்துவிட்டு நிஜத்துக்கு வரலாம். ஹார்டு டிஸ்கைத் தொடும் உரிமை உங்கள் நிரலுக்குக் கிடையாது, அது இயங்குதளத்தின் வேலை. ஓப்பன் என்றதும் பைத்தான் இயங்குதளத்தைக் கேட்கிறது, இயங்குதளம் ஓர் எண்ணைத் தருகிறது. இந்த எண்ணுக்கு ஃபைல் டிஸ்கிரிப்டர் என்று பெயர். லினக்ஸ், மேக் போன்ற யூனிக்ஸ் வழிவந்தவற்றில் ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போதே மூன்று எண்கள் போய்விடும்: 0 என்பது உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச்செய்தி. அதனால் சின்ன நிரலில் நீங்கள் முதலில் திறக்கும் ஃபைலுக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். ஹேண்டிலிடம் ஃபைல்நோ என்று கேட்டால் அந்த எண்ணைச் சொல்லும், நேரம் இருந்தால் பாருங்கள்.

எண்கள் அளவில்லாமல் கிடைக்காது. லினக்ஸில் வழக்கமாக ஒரு நிரலுக்கு 1024, மேக்கில் 256 என்று இயல்பான வரம்பு வைத்திருப்பார்கள் (கூட்டிக்கொள்ளலாம்). ஆயிரக்கணக்கான ஃபைல்களைச் சுற்றிச் சுற்றித் திறந்து, ஒவ்வொரு ஹேண்டிலையும் ஒரு பட்டியலில் சேர்த்து வைத்துக்கொண்டே போனால் "திறந்த ஃபைல்கள் அதிகமாகிவிட்டன" என்று ஒரு கட்டத்தில் நிரல் நின்றுவிடும். வித் என்ற சொல்லோடு ஓப்பனை எழுதச் சொல்வது இதற்காகத்தான். அந்தப் பகுதியை விட்டு வெளியே வரும்போது, நடுவில் பிழை வந்து வெளியேறினாலும், ஃபைல் மூடப்பட்டுவிடும்.

அந்த எண்ணை வைத்து இயங்குதளத்திடம் படிக்கக் கேட்டால் அது பைட்டுகளைத் தரும். பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண், அவ்வளவுதான். இயங்குதளத்துக்கு எழுத்தும் தெரியாது, வரியும் தெரியாது. அதனால் பைத்தான் மூன்று அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறது. அடியில் இருப்பது டிஸ்கிரிப்டரை வைத்துக்கொண்டு பைட் வாங்கும் அடுக்கு. நடுவில் பஃபர்: ஒவ்வொரு எழுத்துக்கும் இயங்குதளத்தின் வாசலில் போய் நின்றால் நேரம் விரயம் என்பதால், மொத்தமாக ஒரு கட்டு வாங்கி மெமரியில் வைத்துக்கொள்ளும் இடம். நெடுங்காலமாக இந்தக் கட்டின் இயல்பான அளவு 8192 பைட்டாக இருந்தது. மேலே இருக்கும் மூன்றாவது அடுக்கு பைட்டுகளை எழுத்துக்களாக மாற்றி, வரி எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து உங்களிடம் ஸ்ட்ரிங்காகத் தருகிறது. டெக்ஸ்டாகத் திறக்கும்போது ஓப்பன் உங்கள் கையில் வைப்பது இந்த மேல் அடுக்கை.

ஆக, ஓப்பன் செய்தவுடன் முழு ஃபைலும் மெமரிக்கு வந்துவிடாது. நீங்கள் கேட்கக் கேட்கத்தான் வரும். பத்து ஜிபி லாக் ஃபைலைச் சாதாரண லேப்டாப்பில் ஃபார் சுழலில் வரி வரியாகப் படிக்க முடிவது இதனால்தான். அதே ஃபைலில் ரீட் என்று ஒரே மூச்சில் கேட்டால் மெமரி திணறும். எழுதும்போதும் பஃபர் உண்டு. ரைட் செய்தது உடனே டிஸ்கில் தெரியாமல், ஃபைலை மூடியதும் பளிச்சென்று வருவதன் ரகசியம் அதுதான்.

இதுவரை பார்த்தது சுருக்கமாக: டிஸ்கிரிப்டர் என்பது இயங்குதளம் தந்த எண், பஃபர் என்பது இடையில் கட்டாக வைத்திருக்கும் பைட்டுகள், ஹேண்டில் என்பது இவற்றையெல்லாம் போர்த்திக்கொண்டு எதுவரை படித்தோம் என்ற இடத்தையும் நினைவில் வைத்திருக்கும் பொருள்.

## படித்த இடம் நகர்ந்துகொண்டே போகும்

ஒரு மாதிரி ஃபைல் வைத்துக்கொள்வோம். மூன்றே வரி:

மதுரை,மல்லி
சேலம்,மாம்பழம்
திண்டுக்கல்,பூட்டு

ரீட்லைன் என்று ஒருமுறை கேட்டால் மதுரை வரி வரும், வரியின் கடைசியில் இருக்கும் புதுவரிக் குறியும் சேர்ந்தே வரும். அதை பிரிண்ட் செய்தால் நடுவில் ஒரு வெற்று வரி விழுகிறதே என்று குழம்புபவர்கள் உண்டு. டெக்ஸ்டில் ஒரு புதுவரி, பிரிண்ட் தன் பங்குக்கு ஒன்று. இன்னொரு முறை ரீட்லைன் என்றால் சேலம். இப்போது வெறும் ரீட் என்று கேட்டால்? முழு ஃபைல் வராது, திண்டுக்கல் மட்டும் வரும். "மிச்சம் இருப்பது எல்லாம்" என்பதுதான் ரீட்டின் பொருள். அதன் பிறகு எத்தனை முறை ரீட் செய்தாலும் வெற்று ஸ்ட்ரிங்தான். பிழை எதுவும் வராது, சத்தமில்லாமல் காலியாக வரும். அதனால்தான் இது கண்டுபிடிக்கக் கடினமான பிழையாகிறது. வரிகளை எண்ணுவதற்கு ஒரு சுழல் ஓட்டிவிட்டு, அதே ஹேண்டிலில் இன்னொரு சுழல் ஓட்டினால் இரண்டாவது சுழலுக்குள் நிரல் நுழையவே நுழையாது.

தீர்வு சுலபம். சீக் என்ற கட்டளைக்கு 0 கொடுத்தால் இடம் ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். இப்போது எங்கே நிற்கிறோம் என்பதை டெல் சொல்லும்.

நடுவில் ஒரு வெற்று வரி இருந்தால் அதையும் ஃபைல் முடிவையும் எப்படிப் பிரித்தறிவது? வெற்று வரி வந்தால் புதுவரிக் குறி ஒன்று மட்டும் உள்ள ஸ்ட்ரிங் வரும், நீளம் 1. ஃபைல் முடிந்துவிட்டால் நீளம் 0. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான் பழைய பாணி வைல் சுழல்கள் எல்லாம் ஓடின. வரியை வாங்கியவுடன் ஸ்ட்ரிப் செய்து (ஓரங்களில் உள்ள இடைவெளி, புதுவரிக் குறிகளை நீக்கி), அது காலியா என்று பார்த்து சுழலை நிறுத்தினால் முதல் வெற்று வரியிலேயே கதை முடிந்துவிடும். ஃபார் சுழல் எழுதினால் இந்தத் தலைவலி கிடையாது.

## தமிழ் ஃபைலில் மட்டும் ஏன் தகராறு?

மூன்றாவது அடுக்கு பைட்டை எழுத்தாக மாற்றுகிறது என்றேன் அல்லவா, எந்தப் பைட் எந்த எழுத்து என்று சொல்லும் விதிக்கு என்கோடிங் என்று பெயர். இன்று ஏறக்குறைய எல்லாத் தமிழ் டெக்ஸ்டும் யூடிஎஃப்-8 என்கோடிங்கில்தான் இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'த' என்பது 224, 174, 164. புள்ளி என்பது 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129.

பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில், என்கோடிங் என்னவென்று சொல்லாமல் ஓப்பன் எழுதினால் பைத்தான் நெடுங்காலமாக விண்டோஸின் பழைய 1252 அட்டவணையைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அந்த அட்டவணையில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. அதனால் நம்முடைய 'த' மூன்று துண்டாகத் தெரியும்: தலைமேல் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு நாணயக் குறி. சினிமா சப்டைட்டில்களில் இந்த ஏ-ஆர் அணிவகுப்பைப் பார்க்காத தமிழர் குறைவு.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த அட்டவணையில் ஐந்து எண்களுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை: 129, 141, 143, 144, 157. மேலே கொடுத்த எண்களை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். புள்ளி 141-இல் முடிகிறது, உகரக் குறி 129-இல். ஏ, ஐ இரண்டும் 143, 144-இல் முடிகின்றன. ஆகவே ஒரு தமிழ் ஃபைலைத் தவறான என்கோடிங்கில் திறந்தால், படிக்கும்போது பைத்தான் குப்பையாகவாவது காட்டாமல் பிழை சொல்லி நின்றுவிடுவது பெரும்பாலும் ஒரு மெய்யெழுத்திலோ உகரத்திலோதான். பிழைச்செய்தியில் வரும் எண், பதினாறை அடிமானமாகக் கொண்ட ஹெக்ஸாடெசிமல் முறையில் இருப்பதால் அது புள்ளி என்று பார்த்தவுடன் தெரியாது. புள்ளியே இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால், இந்தப் பிழை ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்பது விளங்கும்.

எனவே டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கைப்பட எழுதிவிடுங்கள், எந்தக் கணினியாக இருந்தாலும். எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்த ஃபைல் என்றால் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தலைப்பு 'ஊர்' என்று தெரிந்தாலும் 'ஊர்' என்று தேடினால் கிடைக்காது. அதற்கு யூடிஎஃப்-8-சிக் என்ற என்கோடிங் பெயரைக் கொடுத்தால் அந்தக் குறியை விழுங்கிவிடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரீட்டுக்கு எண் கொடுத்தால் அத்தனை எழுத்து தரும் என்று சொல்வார்கள், ஆனால் பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறிகளை. நம் கண்ணுக்கு 'மதுரை' மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. ரீட் 2 என்றால் 'மத' வரும். அடுத்த ரீட் தனியே நிற்கும் ஓர் உகரக் குறியில் தொடங்கும், திரையில் அது புள்ளிவட்டத்தோடு பரிதாபமாகத் தெரியும். எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டுமென்றால் ரீட்டை நம்ப வேண்டாம். வரியாக வாங்கி அப்புறம் பிரித்துக்கொள்ளுங்கள்.

பஃபர் 8192 பைட் என்றால் அது மூன்றால் வகுபடாதே, ஒரு தமிழ் எழுத்து பாதியில் வெட்டுப்படாதா என்று கேட்கத் தோன்றினால் நல்ல கேள்வி. வெட்டுப்படும். ஆனால் மேல் அடுக்கு அந்த அரைகுறைப் பைட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த கட்டு வந்ததும் சேர்த்துக்கொள்ளும். ஃபைலை நீங்களே பைட்டாகத் திறந்து துண்டு துண்டாக வாங்கி ஒவ்வொரு துண்டையும் தனியே எழுத்தாக மாற்றினால்தான் ஆபத்து.

## சரி, ஸ்ட்ரிங்கை எப்படி ஹேண்டில் ஆக்குவது?

இப்போது ஒற்றைத் தாள். டெக்ஸ்ட் ஏற்கெனவே மெமரியில் இருக்கிறது, டிஸ்கில் ஃபைலே இல்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் ஃபங்ஷனோ ஹேண்டிலைத்தான் கேட்கிறது. பலர் செய்வது என்னவென்றால் ஸ்ட்ரிங்கை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, மூடி, மறுபடி திறந்து, படித்து, கடைசியில் அழிப்பது. வேலை நடக்கும். ஆனால் தேவையில்லாத சுற்று.

பைத்தானின் ஐஓ தொகுப்பில் ஸ்ட்ரிங்ஐஓ என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் ஹேண்டில் போன்ற ஒரு பொருளைத் தரும்:

கை = ஸ்ட்ரிங்ஐஓ(டெக்ஸ்ட்)

இப்போது 'கை' என்பதில் ரீட், ரீட்லைன், சீக், டெல், ஃபார் சுழல் எல்லாம் வேலை செய்யும். வித் போடலாம், குளோஸ் செய்யலாம். அடியில் டிஸ்கிரிப்டரும் இல்லை, டிஸ்கும் இல்லை. ஏற்கெனவே எழுத்தாக இருப்பதால் என்கோடிங் பேச்சும் கிடையாது. மெமரியில் இருக்கும் எழுத்துக்களும், எதுவரை படித்தோம் என்ற ஓர் எண்ணும், அவ்வளவுதான் மொத்தப் பொருளே. எழுத்துக்குப் பதில் பைட் இருந்தால், உதாரணமாக இணையத்திலிருந்து இறக்கிய படம் என்றால், பைட்ஸ்ஐஓ.

இது எப்படி ஏமாற்றாமல் நடக்கிறது? ஹேண்டிலை வாங்கும் ஃபங்ஷன்கள் பெரும்பாலும் "நீ நிஜமான ஃபைல்தானா?" என்று விசாரிப்பதே இல்லை. ரீட் என்று கூப்பிட்டால் பதில் வருகிறதா, சுழலில் விட்டால் வரி வரியாக வருகிறதா என்பதோடு சரி. ஜேசன் லோட் என்ற ஃபங்ஷன் செய்வது, நீங்கள் கொடுத்த பொருளின் ரீட்டைக் கூப்பிட்டு, வந்த டெக்ஸ்டை லோட்ஸிடம் தள்ளிவிடுவதுதான்.

இந்த யோசனை பைத்தானுக்கு மட்டும் சொந்தமில்லை. பெர்ல் மொழியில் 2002-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்தே, ஓப்பனிடம் ஃபைல் பெயர் கொடுக்கும் இடத்தில் ஒரு ஸ்ட்ரிங்கின் ரெஃபரன்ஸைக் கொடுத்தால் அதையே ஃபைலாகத் திறந்துவிடும். தனிப் பொருள்கூட வேண்டாம், அதே ஓப்பன். ரூபியிலும் ஸ்ட்ரிங்ஐஓ உண்டு, பெயர்கூட அதேதான். பைத்தான் 2-இல் இதற்கு இரண்டு தொகுப்புகள் இருந்தன. வேகமானது என்று எல்லாரும் சிபாரிசு செய்த சிஸ்ட்ரிங்ஐஓ, ஆங்கிலம் தாண்டிய யூனிகோடு ஸ்ட்ரிங்கை ஏற்றுக்கொள்ளாது, தமிழுக்கு அது உதவாது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது இவற்றை எல்லாம் ஐஓ தொகுப்புக்குள் ஒழுங்குபடுத்தினார்கள்.

## எங்கே இது கைகொடுக்கும்

முதல் இடம் சிஎஸ்வி. தமிழ்நாட்டின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தானும் சிஎஸ்வியும் வந்துவிட்டதால் இது பலருக்குப் பழக்கமான இடம். மேலே உள்ள மூன்று வரிகளும் ஒரு ஸ்ட்ரிங்கில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நேரே சிஎஸ்வி ரீடரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? ரீடர் தனக்குக் கொடுத்ததைச் சுழலில் விட்டு ஒவ்வொன்றையும் ஒரு வரி என்று எடுத்துக்கொள்ளும். ஹேண்டிலைச் சுழலில் விட்டால் வரி வரும், ஸ்ட்ரிங்கைச் சுழலில் விட்டால் குறி குறியாக வரும். அதனால் முதல் வரிசை 'ம', இரண்டாவது 'த', மூன்றாவது தனியாக ஓர் உகரக் குறி. கமா வரும் இடத்தில் இரண்டு காலிக் கட்டங்கள் உள்ள ஒரு வரிசை. பிழை எதுவும் வராது! ஸ்ட்ரிங்கை ஸ்ட்ரிங்ஐஓவில் சுற்றிக் கொடுத்தால் மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு கட்டம், ஒழுங்காக வரும்.

ஸ்ட்ரிங்கை ஸ்பிளிட்லைன்ஸ் செய்து பட்டியலாகக் கொடுத்தால் போதாதா என்றால், எளிய டெக்ஸ்டுக்குப் போதும். ஆனால் மேற்கோள் குறிக்குள் முகவரி மாதிரி இரண்டு மூன்று வரி உள்ள கட்டம் வந்தால், ஸ்பிளிட்லைன்ஸ் அதற்குள் இருக்கும் புதுவரிகளைத் தின்றுவிடும், முகவரி வரிகள் ஒட்டிக்கொள்ளும். தவிர ஸ்பிளிட்லைன்ஸ் பக்கமாற்றக் குறி போன்ற சிலவற்றையும் வரிமுடிவாக எண்ணும், ஹேண்டில் எண்ணாது.

இரண்டாவது இடம், எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது: சோதனை. வாக்காளர் பட்டியலோ கடைக் கணக்கோ, ஒரு ஃபைலைப் படித்து ஏதோ கணக்கிடும் ஃபங்ஷன் எழுதுகிறீர்கள். அது ஃபைல் பெயரை வாங்கி உள்ளேயே ஓப்பன் செய்தால், சோதிக்க ஒவ்வொரு முறையும் டிஸ்கில் ஒரு ஃபைல் வேண்டும். அதற்குப் பதில் ஹேண்டிலை வாங்கும்படி எழுதினால், சோதனையில் நாலு வரி ஸ்ட்ரிங்கை ஸ்ட்ரிங்ஐஓவில் போட்டுக் கொடுத்துவிடலாம்: காலி ஃபைல் வந்தால், கடைசி வரியில் புதுவரி இல்லாவிட்டால், நடுவில் வெற்று வரி வந்தால் என்று வகைவகையாக. நிஜத்தில் ஓடும்போது ஓப்பன் தந்த ஹேண்டில். கீபோர்டிலிருந்தோ இன்னொரு நிரலிலிருந்தோ உள்ளீடு வர வேண்டுமென்றால் சிஸ் தொகுப்பின் எஸ்டிடிஇன், அதுவும் ஹேண்டில்தான். ஒரே ஃபங்ஷன், ஒரு எழுத்தும் மாறாமல் மூன்றுக்கும் ஓடும். திறப்பது யார் பொறுப்போ மூடுவதும் அவர் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால் குழப்பமும் வராது.

எதிர்த்திசையிலும் பயன்படும். பிரிண்ட் செய்வதெல்லாம் திரைக்குப் போகாமல் ஸ்ட்ரிங்காக வேண்டுமென்றால், காலி ஸ்ட்ரிங்ஐஓ ஒன்றை உருவாக்கி, கான்டெக்ஸ்ட்லிப் தொகுப்பின் ரீடைரக்ட் எஸ்டிடிஅவுட்டிடம் கொடுத்தால் பிரிண்ட் எல்லாம் அதில் போய்ச் சேரும். கெட்வேல்யூ என்று கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சின்ன நிறுத்தம்: ஸ்ட்ரிங்ஐஓ என்பது ஹேண்டிலைப் போல நடந்துகொள்ளும் ஸ்ட்ரிங் உறை. ஹேண்டில் கேட்கும் இடத்தில் அதைக் கொடுக்கலாம், ஸ்ட்ரிங் கேட்கும் இடத்தில் கொடுக்கக் கூடாது.

## அதிகம் பேர் வழுக்கும் இடங்கள்

காலி ஸ்ட்ரிங்ஐஓவில் நாலு வரி எழுதிவிட்டு உடனே ரீட் செய்தால் வெற்று ஸ்ட்ரிங் வரும். எழுதும்போது இடமும் கூடவே நகர்ந்து கடைசியில் நிற்கிறது, அதற்கு மேல் மிச்சம் எதுவும் இல்லை. சீக் 0 செய்துவிட்டுப் படிக்க வேண்டும், அல்லது கெட்வேல்யூ கேட்க வேண்டும். கெட்வேல்யூவுக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை, எங்கே நின்றாலும் முழு டெக்ஸ்டையும் தரும்.

இதற்கு நேர் எதிரான வழுக்கலும் உண்டு. டெக்ஸ்டோடு உருவாக்கினால் இடம் ஆரம்பத்தில் நிற்கும். அதன் கடைசியில் ஒரு வரி சேர்க்கலாம் என்று ரைட் செய்தால் ஆரம்பத்தில் உள்ள எழுத்துக்களின் மேலேயே எழுதிவிடும். 'மதுரை' என்று தொடங்கிய டெக்ஸ்டில் 'கோ' என்று எழுதினால், 'ம', 'த' என்ற இரண்டு குறிகளும் போய் அந்த இடத்தில் 'கோ'வின் இரண்டு குறிகள் உட்கார்ந்து, பின்னால் உகரம் தொங்கும்.

ஸ்ட்ரிங்ஐஓவை மூடிவிட்டால் உள்ளே இருந்ததும் போய்விடும். டிஸ்கில் ஃபைல் இருந்தால் மூடினாலும் அங்கே இருக்கும், இதற்கு அப்படி ஒரு இடம் இல்லை. வித் போட்டு எழுதிவிட்டு, வெளியே வந்து கெட்வேல்யூ கேட்டால் "மூடிய ஃபைல்" என்று பிழை வரும். உள்ளேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிமுடிவிலும் ஒரு சின்ன வேறுபாடு. விண்டோஸ் ஃபைல்களில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள் இருக்கும், ஓப்பன் அவற்றை ஒரே புதுவரிக் குறியாக மாற்றித் தரும். ஸ்ட்ரிங்ஐஓ இயல்பாக எதையும் மாற்றாது, உள்ளதை உள்ளபடி தரும். இணையத்திலிருந்து வந்த டெக்ஸ்டில் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி மிஞ்சி, ஒப்பிடும்போது சமமில்லை என்று வந்தால் சந்தேகம் இங்கே திரும்பட்டும்.

டெல் தரும் எண்ணிலும் இரண்டும் ஒத்துப்போகாது. 'த' ஒன்றைப் படித்துவிட்டுக் கேட்டால் ஸ்ட்ரிங்ஐஓ 1 என்கும், யூடிஎஃப்-8 ஃபைல் சாதாரணமாக 3 என்கும். ஒன்று எழுத்தை எண்ணுகிறது, மற்றது பைட்டை. எனவே டெக்ஸ்ட் ஃபைலில் 0-ஐயும் டெல் கொடுத்த எண்ணையும் தவிர, நீங்களாகக் கணக்குப் போட்ட எண்ணை சீக்கிடம் கொடுக்காதீர்கள்.

## ஸ்ட்ரிங்ஐஓ பலிக்காத இடம்

ஸ்ட்ரிங்ஐஓவிடம் ஃபைல்நோ கேட்டால் "அது என்னிடம் கிடையாது" என்று பிழை சொல்லும், ஏனென்றால் இயங்குதளம் அதற்கு எண்ணே கொடுக்கவில்லை. பைத்தானுக்குள்ளேயே நடக்கும் வேலை என்றால் இது பிரச்சினையில்லை. ஆனால் சப்பிராசஸ் மூலம் வேறொரு நிரலை ஓட்டி அதன் உள்ளீடாக ஸ்ட்ரிங்ஐஓவைக் கொடுத்தால் நடக்காது. அந்த நிரல் இயங்குதளத்தின் எண்ணைத்தான் நம்பி இருக்கிறது, பைத்தானின் பொருளை அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் ரன் ஃபங்ஷனின் இன்புட் என்ற இடத்தில் டெக்ஸ்டையே கொடுத்துவிடலாம் (கூடவே என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிடுங்கள்), பைத்தானே குழாய் போட்டு அனுப்பும். பெயரை மட்டுமே வாங்கி, உள்ளே தானே திறந்துகொள்ளும் நூலகங்களும் சில உண்டு. அவற்றுக்கு டெம்ப்ஃபைல் தொகுப்பை எடுத்து நிஜமாகவே ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை. அதில் எழுதிய பிறகு மறக்காமல் ஃபிளஷ் செய்யுங்கள், இல்லையென்றால் நீங்கள் எழுதியது பஃபரிலேயே இருக்க, அந்த நூலகம் காலி ஃபைலைத் திறந்து படித்துக்கொண்டிருக்கும்.